வாயிலில் பட்டார் இருவர்

மழை தவறாத மலையும் வற்றாத சுனையும் உடைய செம்பொறை நாட்டின் அதிபதியும், ஏழு கணவாய்களையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், சொன்ன சொல் மாறாதவர் என்று மெய்க்கீர்த்தியில் பாடப்பெறுபவருமான கோமான் மாநன்சேந்தனார் திருமுன்பு, ஆலங்கணவாய்க் காவலதிகாரி பொன்னாதன் நிலம் தொட்டு வணங்கி விடுக்கும் ஓலை. அரண்மனை விளக்குகள் எண்ணெய் குறையாது எரிக. இளவரசர் சூடவிருக்கும் மணமாலை வாடாது இருக்க. இங்கே கணவாயில் காவலர் நலம், குதிரைகள் நலம், மதில் நலம்.

கார்த்திகை முதல் நாள் இங்கு நடந்த நடுகல் விழாவைப் பற்றி, அரச ஓலைகளுக்குப் பொறுப்பாளரான ஓலைநாயகம் அறவாழியார் முன்னமே எழுதியிருப்பார். விழா சிறப்பாக நடந்தது என்றும், பித்தன் ஒருவன் இடையில் புகுந்து குழப்பம் செய்தான் என்றும், காவலதிகாரி கடமை தவறினான் என்றும் அதில் இருக்கும். மூன்றில் கடைசியொன்று மெய். அவன் எந்த நாளில் தவறினான் என்பதை மட்டும் அவர் மாற்றி எழுதியிருப்பார். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்ல இவ்வோலை எழுதப்படுகிறது.

இருபத்தோராண்டுக்கு முன் மலைக்கு அப்பால் தென்கழி நாட்டில், முடிசூடிய அரசியை அவளுடைய படைத்தலைவனே அரியணையிலிருந்து இறக்கினான் என்பதைக் கோமான் அறிவார். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டார் ஒருவர்மேல் ஒருவர் வாளெடுத்த போர் அது. அரண்மனைக்குத் தென்கழி அயல்நாடாக இருக்கலாம், ஆலங்கணவாய்க்கு அப்படியல்ல. இவ்வூரார் பெண் கொடுத்ததும் எடுத்ததும் அங்கே. நம் மலையில் மூன்றாண்டு மழை பொய்த்தபோது அந்த அரசியின் தந்தை, யாரும் கேட்காமலே, எருது எருதாக நெல் ஏற்றி அனுப்பினார். அந்த நெல்லை உண்டு வளர்ந்த பிள்ளைகள் போர் மூண்டபோது வாளெடுக்கும் வயதில் இருந்தார்கள்.

கோமான் இரு பக்கமும் சாராதிருப்பது என்று அவையில் முடிவு செய்தார். அது அரசர்க்குரிய முடிவு. அதைப் பழிக்க இவ்வோலை எழுதப்படவில்லை. ஆனால் ஆலங்கணவாயின் ஆட்கள் நாற்பத்து மூவர், ஊர் முரசறைவோன் நெடுங்காடன் முரசறைந்து கூப்பிட, அரசிக்காகப் போரிட மலையைக் கடந்து போனார்கள். அவர்களை எவரும் ஏவவில்லை. கூலி பேசவில்லை. நெடுங்காடன் முரசை ஊர் நடுவே வைத்து, தின்ற சோற்றுக்கு நன்றி உள்ளவர்கள் வரலாம் என்று ஒருமுறைதான் சொன்னானாம்.

அவர்கள் போன பத்தாம் நாள் அரண்மனை ஆணை வந்தது. நாற்பத்து மூவரும் நாட்டுத் துரோகிகள்; திரும்பி வந்தால் வாயிலைத் திறக்கலாகாது; அவர்கள் பெயரை ஊரில் எவரும் உச்சரிக்கலாகாது. பெயர்கள் வரிசையாக இருந்தன. முதற்குற்றவாளி என்று தலைப்பில் இருந்தது நெடுங்காடனின் பெயர்.

பெயரை உச்சரிக்கலாகாது என்பது தலைநகரில் சிறு தண்டனையாகத் தோன்றும். இங்கே அது பெரிது. இம்மலையில் ஆண்டுதோறும் கார்த்திகை முதல் நாள் நண்பகலில் பெயரழைப்பு நடக்கும். போரில் பட்டவன் ஒவ்வொருவனுக்கும் முரசு ஒருமுறை அறையப்பட்டு, அவன் பெயரும் அவன் பட்ட இடமும் உரக்கச் சொல்லப்படும். அவனுடைய உறவினரோ ஊராரோ ‘எம்மவன்’ என்று குரல் கொடுத்த பின்பே அவன் கல்லுக்கு மயிற்பீலி சூட்டலாம். மூன்றுமுறை அழைத்தும் குரல் வராவிட்டால் அந்தக் கல் வெறும் கல். அதைப் பிடுங்கிப் படிக்கட்டுக்குப் போட்டாலும் கேட்பார் இல்லை. ‘எம்மவன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டாலோ அவன் இறந்தவன்தான். அவன்மேல் அரசாணை செல்லாது, எந்தக் காவலனும் அவனைத் தொடலாகாது, அவனுக்கு யாரும் தீயும் நீரும் கொடுக்கலாகாது. இதையெல்லாம் எழுதக் காரணம் பின்னால் விளங்கும்.

அரசியின் பக்கம் தோற்றது. நம்மவர் நாற்பது பேர் தென்கழி மண்ணிலேயே மாண்டனர். மூன்றாம் ஆண்டு ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், எஞ்சிய மூவர் வாயிலுக்கு வெளியே வந்து நின்றார்கள். நெடுங்காடன், மாறம்பூதன், தளவன். தளவனுக்குத் தொடையில் அழுகிய புண். மற்ற இருவரும் அவனைத் தோளில் தாங்கி வந்திருந்தார்கள். அன்று மதில்மேல் காவல் நின்றவன் இருபது வயதுப் பொன்னாதன். ஆணை அவனுக்கு மனப்பாடம். அவன் வாயிலைத் திறக்கவில்லை.

ஐந்து நாள் மழை விடவில்லை. கதவின் இப்பக்கம் தளவனின் தங்கை செம்பி கஞ்சிக் கலயத்தோடு நின்றாள். தினமும் புதிதாகக் காய்ச்சிக் கொண்டுவருவாள். அது கையிலேயே ஆறிப்போகும். தளவன் நான்காம் நாள் முனகுவதை நிறுத்தினான். மாறம்பூதன் ஐந்தாம் நாள் காலையில் கதவில் முதுகைச் சாய்த்தபடியே விறைத்திருந்தான். நெடுங்காடன் இருவரையும் வாயிலுக்கு வெளியே புதைத்தான். கையாலும் ஒரு உடைந்த ஓட்டாலும் தோண்டியதால் அதற்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. மதில்மேல் நின்றவன் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். பிறகு நெடுங்காடன் ஆடு ஏறும் வழியில் ஏறி, ஊரெல்லைக்கு மேலே ஒரு பாறையடியில் குடிசை போட்டு, தேனெடுத்துப் பிழைத்தான். ஊருக்கு அது தெரியும். படிப்படியாக உயர்ந்து காவலதிகாரியான பொன்னாதனுக்கும் தெரியும். பதினெட்டு ஆண்டு இருதரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்காதது போலவே காலம் தள்ளினர்.

இனி இவ்வாண்டுக் கதை. தென்கழியில் அந்தப் படைத்தலைவன் செத்தான். அரசியின் மகள் முடிசூடினாள். புதிய அரசி முதல் வேலையாக நம் கோமானுக்கு எழுதியது, ‘எம் அன்னைக்காக உம் மலையிலிருந்து வந்து மாண்டவர்களின் கற்கள் எங்கே உள்ளன? எம் தூதர் வந்து பீலி சூட்டுவார்’ என்பது. இளவரசருக்கு அந்த அரசியை மணம் பேசிக்கொண்டிருந்த வேளை. கல் ஏது என்று அரண்மனை சொல்ல முடியுமா? இருபது நாளில் நாற்பத்து மூன்று கற்கள் நட வேண்டும் என்று ஓலைநாயகத்துக்கு உத்தரவாயிற்று. ஆனால் பெயர்களுக்கு எங்கே போவது? பெயர் சொல்லத் தடை இருந்த நாட்டில் அந்தப் பெயர்கள் எழுதப்பட்டிருந்த ஏடு ஒன்றே ஒன்றுதான். அது துரோகிகள் என்று அறிவித்த அதே ஆணை. சிற்பிகள் அதைப் பார்த்தே, அதே வரிசையில், ஒன்றும் விடாமல் வெட்டினார்கள். நேற்றுவரை குற்றப்பட்டியல், இன்று வீரர் பட்டியல். உழைப்பு மிச்சம்.

அப்படித்தான் உயிரோடிருக்கும் நெடுங்காடனுக்கு முதற்கல் எழுந்தது. முரசுடன் நிற்கும் வீரனை இரு தேவமாதர் வானுலகுக்கு அழைத்துச் செல்வது போல் அழகாகச் செதுக்கியிருந்தார்கள். கீழே, ‘கோமான் ஏவலால் தென்கழி சென்று ஆற்றுத்துறையில் பொருது பட்டான்’ என்று எழுத்து. நாற்பத்து மூன்று கல்லுக்கும் அதே வாசகம்.

கல் செதுக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்த பொன்னாதன், பட்டியலின் முதல் ஆள் சாகவில்லை என்றும், வேறு இருவர் ஆற்றுத்துறையில் சாகவில்லை என்றும் ஓலைநாயகத்துக்கு எழுதினான். மூன்றாம் நாள் பதில் வந்தது. தூதர் புறப்பட்டுவிட்டார், இப்போது திருத்தினால் பட்டியல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும், நெடுங்காடன் என்பவன் இத்தனை ஆண்டும் இல்லாதவனாகத்தானே இருந்தான், விழா முடியும்வரை அப்படியே இருக்கச் சொல்லவும் என்று அறவாழியார் எழுதியிருந்தார். அத்துடன், அவன்மேலுள்ள துரோக ஆணை இன்னும் நீக்கப்படவில்லை என்பதையும் அவனுக்கு நினைவூட்டச் சொல்லியிருந்தார்.

பொன்னாதன் மலையேறிப் போய் இதைச் சொன்னான். பதினெட்டு ஆண்டில் இருவரும் பேசிக்கொண்டது அன்றுதான். நெடுங்காடன் தேனடையைப் பிழிந்துகொண்டே கேட்டான். முதலில் சிரித்தான். தேவமாதர் செதுக்கியிருப்பதைச் சொன்னபோது, அவர்களாவது தன்னைவிட உயரமாக இருக்கிறார்களா என்று விசாரித்தான். பிறகு மாறம்பூதன் கல்லிலும் தளவன் கல்லிலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். சொன்னதும் சிரிப்பு நின்றது. கையை இலையில் துடைத்துக்கொண்டான். அதன்பின் அவன் சொன்னதைத் திருத்தாமல் எழுதுவது முறை.

“உசுரோட இருந்தா துரோகி, செத்தா வீரனா? சரிங்க, செத்தே போறேன். என் கல்லுல எதை வேணாலும் எழுதிக்கிடுங்க. அவங்க ரெண்டு பேரும் நம்ம வாசல்ல செத்தாங்கன்னு மட்டும் உள்ளதை எழுதச் சொல்லுங்க. அது போதும்.”

கோமான் இதை நன்றாகக் கேட்க வேண்டும். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை; ஊருக்குள் இடம் கேட்கவில்லை. இரண்டு கல்லில் ஒரு வரி உண்மைக்காகத் தன் உயிரைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தான். கல் ஏற்கப்பட்டால் இந்நாட்டில் எவரும் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் தரலாகாது என்று அறிந்தே சொன்னான்.

இவ்வேண்டுகோளைப் பொன்னாதன் இம்முறை ஓலைநாயகத்துக்கு அல்ல, நேரே கோமானுக்கு எழுதினான். ஆறாம் நாள் மறுமொழி வந்தது. ‘அவ்விருவர் கற்களிலும் ஆலங்கணவாய் வாயிலில் பட்டான் என்றே பொறிக்கப்படும். இது நம் சொல்’ என்றும், கீழே அரச முத்திரையும். பொன்னாதன் அதைத் தலையில் வைத்துக்கொண்டான் என்பதை எழுதக் கூசுகிறது. நெடுங்காடனிடம் படித்துக் காட்டினான். அவன் முத்திரையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். விழாவன்று மலைக்கு அப்பால் போய்விடுவதாகவும், ஆனால் அந்த இரண்டு பெயரும் அழைக்கப்படுவதை மட்டும் பாறைக்குப் பின்னிருந்து கேட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னான். பதினெட்டு ஆண்டு கழித்துக் கேட்கும் பெயர்கள். பொன்னாதனால் மறுக்க முடியவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் அரண்மனை ஆட்கள் கற்களைக் கொண்டுவந்து, வாயிலுக்கு உட்புறத் திடலில் நட்டுத் துணியால் மூடினார்கள். துணியை விலக்கிப் பார்த்திருக்கலாம். அரச முத்திரையைப் பார்த்தபின் கல்லைப் பார்க்க வேண்டும் என்று பொன்னாதனுக்குத் தோன்றவில்லை.

நண்பகலில் முரசு அறையப்பட்டது. தென்கழித் தூதர் வெண்திரையார், நரைத்த தலையுடன், நாற்பத்து மூன்று பீலி மாலைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு கல்வரிசைக்கு எதிரே நின்றார். ஊர் முழுவதும் கூடியிருந்தது. முதற்பெயர் நெடுங்காடன். அழைத்தார்கள், யாரும் குரல் கொடுக்கவில்லை. அவனுக்கு உறவினர் இல்லை. ஊராரோ அவன் உயிரோடிருப்பதை அறிந்தவர்கள், ‘எம்மவன்’ என்று சொல்லி அவனைச் சாகடிக்க யாருக்கு மனம் வரும்? இரண்டாம் முறையும் மௌனம். மூன்றாம் அழைப்பில் பொன்னாதன் வாய் திறந்து ‘எம்மவன்’ என்றான். அவன் கேட்டுக்கொண்டபடி, முத்திரையை நம்பி, பொன்னாதன் தன் வாயாலேயே அவனைக் கொன்றான். முதல் மாலை விழுந்தது.

பின்பு ஒவ்வொரு பெயராக வந்தது. இருபத்தோராண்டு அடக்கி வைத்த குரல்கள். சில ‘எம்மவன்’ என்பதற்குள் உடைந்தன. நாற்பத்திரண்டாம் பெயர் தளவன். துணி விலகியது. படிப்பவன் படித்தான்: கோமான் ஏவலால் தென்கழி சென்று ஆற்றுத்துறையில் பொருது பட்டான்.

செம்பி வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பொன்னாதன் அடுத்த கல்லுக்கு ஓடித் துணியை இழுத்தான். அங்கும் அதே ஆற்றுத்துறை. விழாவை நடத்த வந்திருந்த அறவாழியாரைப் பார்த்தான், அவர், அயல் தூதர் முன் நம் வாயிலின் மானத்தைக் கெடுக்கலாமா, அந்த முத்திரை ஒரு தேனெடுப்பவனை அமைதிப்படுத்தத் தரப்பட்டது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கோமானே, இதில் அவர் பொய் சொல்லியிருந்தால் அவரைத் தண்டிக்க வேண்டும். மெய் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று பொன்னாதனுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் முறை தளவனை அழைத்தபோது கூட்டம் விலகியது. நெடுங்காடன் பாறைச் சரிவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். விரைந்து வரவில்லை. தன் கல்லைக் கடந்தபோது அதன்மேலிருந்த மாலையை ஒரு கணம் பார்த்தான். நேரே தூதர் முன் வந்து நின்று, சாத்தியிருந்த வாயிலைக் கையால் காட்டினான்.

“அங்க சாகலீங்க. இந்தக் கதவுல சாஞ்சுகிட்டு செத்தாங்க. உள்ள ஆளு இருந்துச்சு. தெறக்கல.”

அறவாழியார் அவனைப் பிடிக்கும்படி காவலருக்கு உத்தரவிட்டார். காவலர் அசையவில்லை, கல் ஏற்கப்பட்டவனைத் தொடலாகாது என்பது அவர்களுக்கும் தெரியும். அரண்மனை சொன்ன பொய்யே அவனுக்குக் கவசமாக நின்றது. உடனே அறவாழியார் வழியை மாற்றினார். இறந்தவன் சொல் சாட்சியாகாது என்றும், வாயிலில் இருவர் செத்தார்கள் என்பதற்கு உயிரோடிருக்கும் சாட்சி உண்டா என்றும் ஊரைப் பார்த்துக் கேட்டார். ஊர் பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில் தலைகுனிந்தது.

சாட்சி ஒருவன் இருந்தான். அவனுக்குப் பதவியும் குதிரையும் முத்திரை மோதிரமும் இருந்தன. “கதவைச் சாத்தி வெச்சிருந்தவன் நான்தான். அஞ்சு நாளும் மேல நின்னு பாத்தேன்” என்று பொன்னாதன் சொன்னான். சொல்லிமுடித்ததும் மனம் லேசாகும் என்று எண்ணியிருந்தான், ஆகவில்லை. நெடுங்காடன் அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

மூன்றாம் அழைப்புக்கும் செம்பி குரல் கொடுக்கவில்லை. மாறம்பூதனுக்கும் மூன்றுமுறையும் எவரும் கொடுக்கவில்லை. பொய்யோடு சேர்த்து அண்ணனை ஏற்கமாட்டேன் என்று அவள் சொன்னதை ஊர் முழுவதும் கேட்டது. ஆகவே வழக்கப்படி அவ்விரு கற்களும் அன்றே பிடுங்கப்பட்டன. வெண்திரையார் கையில் இரண்டு மாலைகள் மிஞ்சின. அவர் வாயிலைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்டார். பொன்னாதன் தன் கையால் திறந்தான். அவர் குனிந்து வாசற்படியின்மேல் இரண்டு மாலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அதைத் தாண்டித் தம் நாட்டுக்கு நடந்து போனார். உடன் வருமாறு நெடுங்காடனை அழைத்தார். அவன், அவர்களை விட்டுவிட்டு இனி எங்கும் போவதாக இல்லை என்று சொல்லி, மாலைகளுக்கு அருகில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இறந்தவனுக்கு நீர் கொடுக்கலாகாது என்ற சட்டத்தை அன்று மாலையே மீறியவள் செம்பி. கலயத்தில் கஞ்சி கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் குடிக்கும்போது ஆவி பறந்துகொண்டிருந்தது. அவளைத் தண்டிக்கும் பொறுப்பு காவலதிகாரியுடையது, அவன் தண்டிக்கவில்லை. இனி வருபவர் தண்டித்துக்கொள்ளலாம்.

‘இது நம் சொல்’ என்று கோமான் முத்திரையிட்டு அனுப்பிய ஓலை இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. இங்கே அதை வைத்துக்கொள்ள இடமில்லை. காவலதிகாரியின் முத்திரை மோதிரமும், இதன் கீழ் ஒருமுறை பதிக்கப்பட்டபின், இதே ஓலைக்கட்டில் வரும். கோமான் இரண்டு முத்திரைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே இதை எழுதியவனின் விண்ணப்பம். தண்டனை எதுவாயினும் அவன் ஊரிலேயே இருப்பான். தேடி வர வேண்டியதில்லை.

இம்முத்திரைக்கு அதிகாரம் உள்ளவரை இதன் கடைசி ஆணை இது: ஆலங்கணவாய் வாயில் திறந்தே இருக்கக் கடவது. மீண்டும் சாத்த வேண்டுமெனக் கோமான் திருவுள்ளம் கொண்டால், அனுப்பப்படுபவன் வாசற்படியில் இருக்கும் இரண்டு மாலைகளையும் முதலில் தன் கையால் எடுத்து அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைத் தொட அவனுக்கு அதிகாரமில்லை.

இப்படிக்கு, நாட்டின் மலைகள் சாட்சியாக, கதவைத் திறந்தவனும் அதற்குமுன் திறக்காதவனுமாகிய பொன்னாதன். முத்திரை.